மறக்க முடியாத வில்லன்: விலங்குக் கற்பனைத் தொடர் எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1972-இல் வெளிவந்த ரிச்சர்ட் ஆடம்ஸின் 'வாட்டர்ஷிப் டவுன்' நாவலில் நரி உண்டு, நாய் உண்டு, துப்பாக்கி பிடித்த மனிதன் உண்டு. ஆனால் படித்துப் பல வருஷம் ஆன பிறகும் மனசை விட்டுப் போகாதது ஜெனரல் வூண்ட்வோர்ட் என்ற ஒரு முயல்தான். புல் தின்கிற பிராணி எப்படி இவ்வளவு பயமுறுத்துகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் விலங்குக் கதைகளின் வில்லன்களை ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

எனக்குக் கிடைத்த பதில் இது. மனசில் தங்கும் விலங்கு வில்லன் தன் இனத்தின் ஆதி பயத்துக்கு ஒரு மருந்தோடு வருகிறான். அந்த மருந்து பாதி வேலையும் செய்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

வெறும் யோசனையாக நின்றுவிடாமல் இருக்க, ஒரு யானைக் கூட்டத்தை வைத்து நாமும் கூடவே ஒரு வில்லியை உருவாக்கிப் பார்ப்போம்.

1. முதலில் விலங்கு, அப்புறம்தான் வில்லன்

ஒரு தாளில் உங்கள் விலங்கு எதற்கெல்லாம் பயப்படும் என்று எழுதுங்கள். அவமானம், தோல்வி மாதிரியான மனிதப் பயங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முயலைத் தின்ன எல்லாருமே காத்திருக்கிறார்கள். அதன் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதே அதற்காகத்தான். ஆபத்து என்றால் பின்னங்காலால் தரையைத் தட்டி மற்ற முயல்களை எச்சரிக்கும். பூனைக்குத் தன் எல்லை முக்கியம், எல்லையில் வேறொரு பூனையின் வாசனை அடித்தால் நிம்மதி போய்விடும். யானைக்குக் கோடை. தண்ணீர் இல்லாத ஒரு கோடையில் முதலில் சாவது கன்றுகள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க எல்லாருக்கும் ஆசை வரும். தயவுசெய்து தாண்டாதீர்கள். ஆடம்ஸ், ஆர்.எம். லாக்லி 1964-இல் எழுதிய முயல்களின் வாழ்க்கை பற்றிய நூலை ஆதாரமாக வைத்துக்கொண்டுதான் எழுதினார். அந்தப் படிப்பு அவருடைய வில்லனுக்கு எப்படி உதவியது என்பது அடுத்த படியில் தெரியும்.

2. அந்தப் பயத்துக்கு வில்லனிடம் ஒரு பதில் இருக்கட்டும்

வூண்ட்வோர்ட் எஃப்ராஃபா என்ற வளைக் குடியிருப்பை ஆள்கிறான். வெளியிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி வளைகள் மறைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முயலின் உடம்பிலும் குட்டியிலேயே கடித்து ஒரு அடையாளத் தழும்பு போடுகிறார்கள். தழும்பை வைத்துப் பிரிவு. ஒவ்வொரு பிரிவும் தனக்கு விதித்த நேரத்தில்தான் மேலே வந்து மேயலாம். எல்லையைச் சுற்றி ரோந்து உண்டு. தப்ப முயன்ற ஒரு முயலின் இரண்டு காதுகளையும் கிழித்து, மேய வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் இடத்தில் நிறுத்தி வைக்கிறார்கள்.

இவ்வளவு கொடுமைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எஃப்ராஃபாவில் எதிரியிடம் சிக்கிச் சாகும் முயல்கள் குறைவு. உலகத்தில் எந்த முயலுக்கும் கிடைக்காத ஒன்றை வூண்ட்வோர்ட் உண்மையிலேயே கொடுத்திருக்கிறான். அதனால்தான் அவன் பேச்சை வாசகரால் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை.

லாக்லியின் நூல் கைகொடுத்தது இங்கேதான். நெரிசலும் மன அழுத்தமும் கூடினால் பெண் முயலின் வயிற்றில் இருக்கும் கருக்கள் பிறக்காமலே உடம்புக்குள் கரைந்துவிடும். இது உண்மையான முயல்களுக்கு நடப்பது. எஃப்ராஃபாவிலும் அதுவே நடக்கிறது. யாருமே கொல்லாத ஊரில் யாருமே பிறப்பதும் இல்லை. வில்லனின் மருந்து என்ன விலை கேட்கிறது என்பதை ஒரு பிரசங்கமும் இல்லாமல் முயலின் உடம்பே சொல்லிவிடுகிறது. விலங்குக் கதையால் மட்டுமே செய்ய முடிகிற காரியம் இது. நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிக்கும் பகுதியும் இதுதான்.

இப்போது நம் யானைகள். பயம், தண்ணீர் வற்றும் கோடை. பதில்: கூட்டத்திலேயே வயதான பிடி (பெண் யானை) ஒருத்திக்கு மட்டும், எந்தக் கோடையிலும் வற்றாத ஒரு சுனைக்கு வழி தெரியும். அவளை நம்பி நடந்த கன்றுகள் பிழைக்கின்றன. ஆனால் அந்த வழியை அவள் யாருக்கும் சொல்லித்தர மாட்டாள். இருட்டில்தான் அழைத்துப் போவாள், ஒவ்வொரு முறையும் வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவாள். சொன்னபடி கேட்காதவர்களை விட்டுவிட்டுப் போய்விடுவாள். கூட்டம் அவளைப் பாசமாக நீராத்தா என்று கூப்பிடுகிறது. வில்லிக்குப் பயங்கரமான பெயர் வைக்க வேண்டியதில்லை. அவளை நேசிக்கிறவர்கள் வைத்த பெயராக இருந்தால் இன்னும் நல்லது.

விலையும் எழுதுங்கள். மற்ற யானைகள் மோப்பம் பிடித்துத் தண்ணீர் தேடுவதையே மறந்துவிட்டன. காய்ந்த ஆற்று மணலைக் காலாலும் தும்பிக்கையாலும் தோண்டி ஊற்று எடுக்கிற பழைய வித்தை, ஒரு தலைமுறைக்குள் போய்விட்டது.

3. காயம் ஒன்று போதும், சொல்ல அவசரம் வேண்டாம்

காட்டுப் பூனைக் குலங்களைப் பற்றிய 'வாரியர்ஸ்' தொடர் 2003-இல் தொடங்கியது. எரின் ஹண்டர் என்பது பல எழுத்தாளர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். முதல் ஆறு புத்தகங்களின் பெரிய வில்லன் டைகர்ஸ்டார், பலசாலியான வரிப்பூனை. ஆனால் ஆறாவது புத்தகத்தில் (2004) நகரத் தெருவிலிருந்து ஸ்கர்ஜ் என்ற சின்னக் கருப்புப் பூனை வருகிறது. கழுத்துப்பட்டையில் நாய்ப்பற்கள் பதித்திருக்கும். குலத் தலைவர்களுக்கு ஒன்பது உயிர் என்பது அந்த உலகத்தின் விதி. ஸ்கர்ஜ் ஒரே அடி அடிக்கிறான். டைகர்ஸ்டார் ஒன்பது உயிரையும் வரிசையாக இழந்து சாகிறான்.

அந்த இடத்தில் வாசகருக்கு ஸ்கர்ஜின் கதை தெரியாது. நாலு வருஷம் கழித்து, 2008-இல் வந்த சித்திரக் கதையில்தான் தெரிகிறது. குட்டியாகக் காட்டில் சுற்றியபோது அவனைப் போட்டு அடித்தது இளவயது டைகர்ஸ்டார். பல காலம் கழித்து ஸ்கர்ஜின் உதவி கேட்டு வந்து நிற்கும்போது, டைகர்ஸ்டாருக்கு அது நினைவிலேயே இல்லை. அடித்தவன் மறந்துவிட்டான், பட்டவன் மறக்கவில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு. காயம் ஒரே ஒரு காட்சியாக இருக்கட்டும். ஐந்து துயரங்களை அடுக்கினால் வாசகருக்கு ஒன்றுகூட நினைவில் இருக்காது. இரண்டாவது, வில்லன் நுழையும் அத்தியாயத்திலேயே காயத்தைத் திறந்து காட்டாதீர்கள். முதலில் பயம் வரட்டும். காரணம் பிறகு வரும்போது, பழைய பக்கங்களை வாசகர் தானாகவே திரும்பப் புரட்டுவார்.

நீராத்தாவின் காயம்: அவள் கன்றாக இருந்த வருஷம் தாய்ப்பிடி ஒரு குட்டையை அயல் கூட்டத்தோடு பகிர்ந்துகொண்டாள். குட்டை வற்றியது. நீராத்தாவின் தம்பி அதன் கரையிலேயே இறந்தான். இறந்த யானையின் எலும்பை மற்ற யானைகள் தும்பிக்கையால் தொட்டுத் தடவிப் பார்க்கும் என்பது நாம் அறிந்ததுதான். முதல் புத்தகத்தில் அவள் ஏதோ ஒரு எலும்பருகே நின்று தடவுவதை மட்டும் காட்டுங்கள். யாருடைய எலும்பு என்று மூன்றாவது புத்தகத்தில் சொன்னால் போதும்.

இன்னொன்று. காயம் காரணம்தான், மன்னிப்பு இல்லை. அதே குட்டைக் கரையில் தன் பிள்ளையை இழந்த இன்னொரு பிடி, அதற்குப் பிறகும் பகிர்ந்துகொண்டே வாழ்கிறாள் என்று வையுங்கள். நீராத்தாவுக்கு வேறு வழி இருந்தது என்பதற்கு அவளே சாட்சி.

4. உடம்பில் ஒரு அடையாளம்

1986-இல் தொடங்கிய பிரையன் ஜாக்ஸின் 'ரெட்வால்' தொடரின் முதல் வில்லன் க்ளூனி என்ற எலி. ஒற்றைக்கண், வால் நுனியில் விஷ முள். லிவர்பூலில் பால் விநியோகம் செய்து வந்த ஜாக்ஸ், அங்கிருந்த பார்வையற்ற குழந்தைகள் பள்ளிக்காகத்தான் அந்தக் கதையை எழுதினார். எல்லாவற்றையும் அவர் அவ்வளவு விரிவாக வர்ணிப்பதற்கு அதுவே காரணம். க்ளூனியின் வால் தரையில் அறையும் சத்தத்தைப் பார்வை இல்லாத குழந்தையும் உணர்ந்துவிடும்.

அடையாளம் அழகுக்காக இருந்தால் போதாது, கதையில் வேலை செய்ய வேண்டும். கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' (1894) ஷேர்கான் புலி பிறவியிலேயே நொண்டி. அதனால்தான் அவன் காட்டு விலங்குகளை விரட்டிப் பிடிக்க முடியாமல் கிராமத்து மாடுகளைக் கொல்கிறான். நொண்டிக் கால் இல்லை என்றால் அந்தக் கதையே இல்லை. ஆனால் இன்றைக்கு எழுதும் நாம் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஊனம்தான் கெட்ட குணத்தின் அடையாளம் என்ற நினைப்பைக் குழந்தைகள் மனசில் விதைத்துவிடக் கூடாது. 'வாட்டர்ஷிப் டவுன்' கதையில் நல்ல தலைவனான ஹேசலும் நொண்டிதான், அது எனக்குப் பெரிய ஆறுதல்.

நீராத்தாவுக்கு உடைந்த தந்தத்தை அடையாளமாக வைக்க முடியாது, ஆசிய யானைகளில் பிடிகளுக்குப் பெரிய தந்தம் கிடையாது. இந்த மாதிரி சின்னத் தவறு வாசகரின் நம்பிக்கையை உடைத்துவிடும். அவளுக்குக் கிழிந்த ஒரு காது வைப்போம். யானை காதை விசிறித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். அவளுக்கு வெயில் மற்றவர்களைவிட அதிகமாகச் சுடும். தண்ணீர் வெறி அவள் உடம்பிலேயே இருக்கிறது.

5. அவன் பேச்சை எழுதும்போது

பேச்சால் கொல்லும் வில்லனுக்கு நம் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான், பஞ்சதந்திரத்தின் தமனகன். பிங்களகன் என்ற சிங்கமும் சஞ்சீவகன் என்ற எருதும் உயிர்த் தோழர்கள். நரியான தமனகனுக்கு அரசவையில் செல்வாக்கு போய்விட்டது. அவன் சிங்கத்திடம் போய், "எருது உங்களைக் கொல்லப் பார்க்கிறது, கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்தால் தெரிந்துகொள்ளுங்கள்" என்கிற விதமாகச் சொல்கிறான். எருதிடம் போய், சிங்கம் வாலைத் தூக்கிக் காதை விறைத்து உட்கார்ந்திருந்தால் ஜாக்கிரதை என்கிறான். இரண்டும் பயந்துகொண்டே சந்திக்கின்றன. பயந்த எருது கொம்பைத் தாழ்த்தத்தான் செய்யும். பயந்த சிங்கம் காதை விறைக்கத்தான் செய்யும். சிங்கம் எருதைக் கொன்றுவிட்டு அழுகிறது.

தமனகன் பெரிய பொய்யை நம்பவைக்கப் பாடுபடவில்லை. விலங்குகளின் உடம்பு இயல்பாகச் செய்வதையே சாட்சியாக மாற்றிவிட்டான். உங்கள் வில்லன் பேசும் ஒவ்வொரு காட்சியிலும் இதைக் கேட்டுப் பாருங்கள்: இவன் பேச்சில் இந்த விலங்கின் மூக்கும் காதும் வாலும் இருக்கிறதா? இல்லை என்றால் அவன் ரோமம் ஒட்டிய மனிதன், அவ்வளவுதான்.

தமனகன் கடைசியில் தண்டனை இல்லாமல் தப்பிவிடுகிறான். எட்டாம் நூற்றாண்டில் இதை அரபியில் எழுதிய இப்னு அல்முகஃபா, நரியை விசாரணைக்கு நிறுத்தும் ஒரு புதுப் பகுதியைச் சேர்த்தார். வில்லன் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டால், அவனை அப்படியே விட்டுவிட யாருக்கும் மனசு வராது.

6. கூட இருப்பவர்கள்

அடியாட்கள் எல்லாரும் முட்டாள்களாகவும் கோழைகளாகவும் இருந்தால் தலைவனும் சின்னவனாகிவிடுவான். வூண்ட்வோர்டின் கீழ் கேம்பியன் என்ற துணிச்சலான, நேர்மையான தளபதி இருக்கிறான். நல்லவன் ஒருவன் மதிக்கிறான் என்றால் அந்தத் தலைவனிடம் ஏதோ இருக்க வேண்டும். நீராத்தாவின் பின்னால் நிற்கிற ஒவ்வொரு பிடிக்கும், அவளால் பிழைத்த ஒரு கன்று இருக்கட்டும்.

7. பிறப்பால் கெட்டவன் என்ற குழி

'ரெட்வால்' உலகத்தில் எலி, மரநாய் போன்ற இனங்கள் பெரும்பாலும் கெட்டவை, சுண்டெலியும் முள்ளெலியும் நல்லவை. சின்ன வாசகருக்கு இது வசதியாக இருக்கலாம். ஆனால் பல புத்தகங்கள் தொடரும்போது வாசகர் வளர்கிறார், கேள்வி கேட்கிறார். 1995-இல் வந்த 'அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்' அந்தக் கேள்வியைத் தொட்டது. வெய்ல் என்ற மரநாய்க் குட்டி நல்லவர்களின் மடத்தில் வளர்கிறது, தவறு செய்து வெளியேற்றப்படுகிறது, கடைசியில் தன்னை வளர்த்தவளுக்காக ஈட்டியை வாங்கிச் சாகிறது. அப்படியும் அவன் கெட்டவன்தான் என்ற பக்கமே கதை சாய்கிறது. எனக்கு அந்த முடிவு இன்றுவரை உறுத்துகிறது.

ஆகவே வில்லன் நாயகனின் இனத்திலிருந்தே வரட்டும். முயலுக்கு முயல், பூனைக்குப் பூனை. வேட்டை விலங்கு தன் பசிக்குக் கொல்வது பாவமில்லை. தன் இனத்தின் உடன்பாட்டை மீறுவதுதான் வில்லத்தனம்.

8. அவனுக்குப் புரியாத ஒன்றும், அவன் மூடிய ஒரு கதவும்

கதையின் உச்சத்தில் வூண்ட்வோர்ட் சுரங்க வளைக்குள் பிக்விக் என்ற பெரிய முயலோடு மோதுகிறான். காயப்பட்டும் பிக்விக் நகரவில்லை. தன் தலைவன் இந்த வழியைக் காக்கச் சொன்னான், அதனால் போக மாட்டேன் என்கிறான். வூண்ட்வோர்ட் அதிர்ந்து போகிறான். இவ்வளவு பெரியவனுக்கே ஒரு தலைவன் என்றால் அந்தத் தலைவன் எவ்வளவு பெரியவனாக இருப்பான்? உண்மையில் தலைவன் நொண்டிக்கொண்டு நடக்கும் ஹேசல். பலம் இல்லாதவனையும் மனசார ஒருவன் பின்பற்றலாம் என்பது வூண்ட்வோர்டின் மூளைக்கு எட்டவே எட்டாது. உங்கள் வில்லனால் கற்பனைகூடச் செய்ய முடியாத ஒன்றைக் கண்டுபிடியுங்கள். நாயகன் ஜெயிக்க வேண்டிய இடம் அதுதான்.

அதற்கு முன்பே ஹேசல் தனியாக வந்து, இரண்டு கூட்டமும் சேர்ந்து நடுவில் ஒரு புதுக் குடியிருப்பு அமைக்கலாம் என்று சமாதானம் கேட்கிறான். வூண்ட்வோர்ட் ஒரு கணம் யோசிக்கிறான். அந்த ஒரு கணம் எனக்குச் சண்டைக் காட்சிகளைவிடப் பெரியது. பிறகு மறுத்துவிடுகிறான். வில்லனுக்குத் திரும்பிப் போக ஒரு வாசல் வையுங்கள், அதை அவன் கையாலேயே அடைக்கவும் விடுங்கள்.

நீராத்தாவிடம் ஒரு குட்டிப் பிடி போய், "வழியைச் சொல்லித்தா ஆத்தா, நீ போன பிறகு நாங்க என்ன செய்வோம்?" என்று கேட்கட்டும். அவள் பதில் சொல்ல வாயெடுக்கட்டும்.

9. தொடர் நீளும்போது

ஒரே நாவலில் வில்லனை ஒருமுறை கொன்றால் முடிந்தது. தொடரில்தான் சிக்கல். ஒவ்வொரு புத்தகத்துக்கும் இன்னும் பெரிய பல், இன்னும் பெரிய படை என்று போனால் மூன்றாவதிலேயே அலுத்துவிடும். 'வாரியர்ஸ்' இங்கே ஒன்றை மிக அழகாகச் செய்தது, ஒன்றை எல்லை மீறிச் செய்தது.

அழகாகச் செய்தது: டைகர்ஸ்டார் செத்த பிறகும் அவன் மகன் பிராம்பிள்கிளா அதே வரிகளோடு, அதே முகத்தோடு குலத்துக்குள் வளர்கிறான். நாயகன் ஃபயர்ஸ்டார் அவனைப் பார்க்கும்போதெல்லாம் அப்பனைப் பார்க்கிறான். வில்லன் இல்லாமலே வில்லனின் நிழல். அந்த மகன் நல்லவனா என்ற சந்தேகம் பல புத்தகங்களைத் தாங்குகிறது.

எல்லை மீறியது: டைகர்ஸ்டாரின் ஆவி கனவுகளில் வந்து பூனைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது, 2012-இல் வந்த புத்தகத்தில் ஃபயர்ஸ்டார் அதை இரண்டாம் முறை கொல்ல வேண்டியிருக்கிறது. ரசித்துப் படித்தவர்கள் நிறைய. ஆனால் செத்தவன் திரும்பத் திரும்ப வந்தால் சாவுக்கு மரியாதை போய்விடுகிறது என்பது என் எண்ணம். ஸ்கர்ஜின் அந்த ஒற்றை அடி அவ்வளவு வலுவாக விழுந்ததே, அது முடிவானது என்று நாம் நம்பியதால்தான்.

எனவே புத்தகத்துக்குப் புத்தகம் வில்லனின் பலத்தைக் கூட்டாமல், வாசகருக்கும் அவனுக்கும் உள்ள தூரத்தைக் குறையுங்கள். முதல் புத்தகத்தில் நீராத்தா காப்பாற்றுகிறவள். இரண்டாவதில் அவள் விட்டுவிட்டுப் போன கூட்டத்தின் எலும்புகள் கிடைக்கின்றன. மூன்றாவதில் தம்பியின் எலும்பு. நான்காவதில் நாயகிக்கே அவளைப் போல நடந்துகொள்ள வேண்டிய ஒரு கோடை வருகிறது.

10. முடிவு அவனிடமிருந்தே வர வேண்டும்

மாடு தின்று வாழ்ந்த ஷேர்கான் எருமை மந்தையின் குளம்படியில் சாகிறான். வெளியிலிருந்து இடி விழுந்து செத்திருந்தால் அவனை யார் நினைத்திருப்பார்கள்? வூண்ட்வோர்டோ, கடைசிச் சண்டையில் ஒரு நாய் வந்து மற்ற முயல்கள் சிதறி ஓடும்போது, நாய் ஆபத்தில்லை என்று கத்திக்கொண்டு அதன் மேல் பாய்கிறான். பயத்தை ஒழிக்கவே வாழ்ந்தவன், ஒரு முயல் பயந்தே ஆக வேண்டிய இடத்தில் பயப்படவில்லை. அவன் உடல் கிடைக்கவே இல்லை. பின்னாளில் தாய் முயல்கள், சொன்னபடி கேட்காத குட்டிகளிடம் ஜெனரல் வந்துவிடுவார் என்று மிரட்டுகின்றன.

நீராத்தாவின் கடைசிக் கோடையில் அந்தச் சுனையே வற்றிக் கிடக்கிறது. அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள், இன்னும் கொஞ்ச தூரம் என்று கூட்டத்தை நடத்திக்கொண்டே போவாள். வழியில் காய்ந்த ஆறு. குட்டிப் பிடி நின்று, மணலை மோந்து பார்த்து, காலால் தோண்ட ஆரம்பிக்கிறாள். அந்தக் குழியில் ஊறும் முதல் வாய்த் தண்ணீரை அவள் யாருக்குக் கொடுக்கிறாள், நீராத்தா அதைக் குடிக்கிறாளா என்ற இரண்டையும் முதல் புத்தகத்தின் முதல் வரி எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.